படியில்லாத வாசல்

குன்னூர்
9 நவம்பர் 2024

அன்புத் தங்கை ஹபீபுன்னிசாவுக்கு, அண்ணன் அயூபின் ஸலாம். உன் காதுக் கருவி இன்னும் விசிலடிக்கிறதா, அல்லது அடங்கிவிட்டதா? மகள் சாதியாவும் அவள் குழந்தையும் உன் அருகில் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். இங்கே மகன் முபீனும் மருமகள் மெஹ்ரினும் நலம். எனக்கும் குறை ஒன்றுமில்லை.

வரும் நோன்புப் பெருநாளுக்காவது குலசேகரன்பட்டினம் வருவேனா என்று கேட்டிருந்தாய். யோசித்துப் பார்த்ததில் இந்தத் தடவையும் இயலாது என்றே தோன்றுகிறது. காரணங்களை வரிசையாகச் சொல்கிறேன். முதலாவது, மேட்டுப்பாளையம் சாலையில் மழைக்கு மண் சரிந்துகொண்டே இருக்கிறது. பெருநாள் மார்ச் கடைசியில்தான், அதற்குள் அள்ளிவிடுவார்கள் என்பாய். ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவது, நம் தெருவுக்கு ஒரு காட்டெருமை வந்து பழகிவிட்டது. பள்ளிவாசலுக்குப் போகிற வழியிலேயே நின்று அசைபோடுகிறது. வீட்டில் பெரியவர்கள் இருப்பது நல்லது. மூன்றாவது, உன் ஊர் வெயில். தனித்தனியே பார்த்தால் இவை சிறிய காரணங்கள். மூன்றும் சேர்ந்தால் ஒரு காரணத்தின் எடை வரும் என்று நினைக்கிறேன்.

மழையாக இருப்பதால் இந்தக் கடிதத்தைப் பக்கத்து வீட்டுச் சந்துரு தபாலில் சேர்ப்பான்.

துஆவுடன்,
அயூப்


குன்னூர்
20 நவம்பர் 2024

மரியாதைக்குரிய மாமிக்கு, மெஹ்ரின் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். கண் ஆபரேஷனுக்குப் பிறகு எழுத்துகள் தெளிவாகத் தெரிகின்றனவா? தெரியட்டும் என்றே பெரிதாக எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான். உங்களுக்குக் கேட்க வேண்டுமென்றால் நான் கத்த வேண்டும், கத்தினால் மாமாவுக்கும் கேட்டுவிடும்.

மாமா உங்களுக்கு எழுதிய காட்டெருமைக் கதையை நம்பாதீர்கள். காட்டெருமை உண்மை, காரணம் பொய். ஜூன் மாத மழையில் பாசி பிடித்த படியில் வழுக்கி விழுந்து அவருக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. கோயம்புத்தூரில் ஆபரேஷன் செய்தோம். அப்போதுதான் உங்களுக்கும் கண்ணில் ஆபரேஷன். "அவளுக்குச் சொன்னா அழுது கண்ணைக் கெடுத்துக்குவா" என்று எங்கள் வாயைக் கட்டிவிட்டார்.

இப்போது வாக்கர் பிடித்து வீட்டுக்குள் நன்றாகவே நடக்கிறார். பிரயாணம் போகலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். படிதான் ஆகாது. எங்கள் வீடு சாலைக்குக் கீழே இருப்பது உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போனபோது என் கணவரும் பக்கத்து வீட்டுச் சந்துருவும் மாமாவை பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போனார்கள். மாமா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அன்றிலிருந்து வாசலைத் தாண்டவில்லை.

"பெருநாளைக்கு மாமி ஊட்டுக்குப் போலாமுங்க மாமா" என்றேன். "அங்கயும் மணலு, அப்பறம் படி. சேர்ல தூக்கிட்டுப் போயி எறக்குவீங்க, தெருவே நின்னு பாக்கும். வேண்டாம்மா" என்றார். அப்படிச் சொல்லிவிட்டு உங்கள் பழைய பெருநாள் வாழ்த்து அட்டைகளை எல்லாம் எடுத்து வருட வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

நான் சொன்னதாகச் சொல்லிவிடாதீர்கள். சாதியாவுக்கு என் ஸலாம்.

மெஹ்ரின்


குலசேகரன்பட்டினம்
1 டிசம்பர் 2024

பாசத்துக்குரிய அண்ணனுக்கு, ஹபீபுவின் ஸலாம். கருவி விசிலடிப்பதை நிறுத்திவிட்டது, இப்போது கரகரக்கிறது. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? கை, கால், கண், பல் என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். "குறை ஒன்றுமில்லை" என்று மொத்தமாக எழுதினால் எனக்குப் பிடிபடுவதில்லை.

பெருநாளுக்கு வர முடியாது என்றீர்கள். சரி. அந்தக் காட்டெருமைக்கு என் ஸலாம்.

வேறொரு உதவி கேட்கிறேன். கேட்டிலிருந்து வீட்டு வாசல் வரை எங்களுக்கு வெறும் மணல்தான். கோடையில் கால் புதைகிறது, மழையில் சேறாகிறது. பெருநாளுக்கு முன் ஒரு காங்கிரீட் பாதை போட்டுவிட வேண்டும். இங்கே பிராங்ளின் என்று ஒரு கொத்தனார் இருக்கிறார், நல்ல மனிதர். ஆனால் எங்கள் தெருவில் போட்ட பாதை எல்லாம் சில வருடங்களில் அப்பளமாக நொறுங்கிவிடுகிறது. கேட்டால், "கடக்கரை மண்ணுல அம்புட்டுதாம்மா தாங்கும்" என்கிறார். எஸ்டேட்டில் ஓவர்சியராக இருந்து எத்தனை பாதை போட்டவர் நீங்கள்! எப்படிப் போடுவது என்று எழுதி, படமும் வரைந்து அனுப்புங்கள். நீங்கள் எழுதியபடிதான் போடுவேன்.

தங்கை
ஹபீபுன்னிசா


குன்னூர்
9 டிசம்பர் 2024

அன்புத் தங்கைக்கு ஸலாம். கேட்டபடி எழுதுகிறேன்: கை நலம், கண் நலம், பல் மீதமுள்ளவை நலம். உன் கண்ணுக்குச் சொட்டு மருந்து தவறாமல் விடுகிறாயா?

உன் வேண்டுகோள் எனக்கு மகிழ்ச்சியும் பயமும் தந்தது. பயம்தான் சற்று அதிகம். நான் பாதை போட்டதெல்லாம் மலைச் செம்மண்ணில். கடலோர மணலில் ஒரு செங்கல்கூட வைத்ததில்லை. இங்கே தண்ணீர் மேலிருந்து வந்து பாதையை அரிக்கும். அங்கே அது உப்பையும் சேர்த்துக்கொண்டு கீழிருந்து ஏறும் என்று படித்திருக்கிறேன். படித்ததும் பார்த்ததும் ஒன்றல்ல. ஆகையால் நான் சொல்வதை வேறொருவரிடமும் கேட்டுக்கொள்.

அதற்கு முன் மூன்று காரியம் செய். வாசலில் ஒரு குழி தோண்டி, எவ்வளவு ஆழத்தில் தண்ணீர் ஊறுகிறது என்று பார். உன் வீட்டுப் போர் தண்ணீரை வாயில் வைத்துப் பார். மதில் சுவரின் காங்கிரீட் தூண்கள் வெடித்திருக்கின்றனவா, வெடிப்பில் துரு தெரிகிறதா என்று பார்.

உத்தேசமாக ஒரு படம் இணைத்திருக்கிறேன். பாதை மூன்றடி அகலம், இருவர் ஒதுங்கிப் போகப் போதும். வாசலில் உயரம் இருப்பதால் மூன்று படிகள். தவறிருந்தால் மன்னிக்கவும்.

அயூப்


குலசேகரன்பட்டினம்
20 டிசம்பர் 2024

பாசமுள்ள அண்ணனுக்கு ஸலாம். கையும் கண்ணும் பல்லும் எழுதினீர்கள். நடுவில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். பரவாயில்லை. இங்கே எல்லோரும் சுகம். சாதியாவின் பிள்ளைக்கு இரண்டு பல் வந்து, என்னைக் கடித்துப் பார்க்கிறான்.

நீங்கள் சொன்ன சோதனைகளைச் செய்துவிட்டேன். பிராங்ளின் தோண்டத் தோண்ட, முழங்கால் ஆழத்திலேயே தண்ணீர் எட்டிப் பார்த்தது. போர் தண்ணீர் கஞ்சிக்கு உப்புப் போடாமலே ஊற்றலாம். தூண்கள் எல்லாம் உள்ளிருக்கும் கம்பி துருவேறி, வயிறு வீங்கி வெடித்திருக்கின்றன.

உங்கள் படத்தைத் தெருவில் எல்லோருக்கும் காட்டினேன். "சாரு அச்சு அடிச்ச மாதிரில்லா வரஞ்சிருக்காரு" என்று பிராங்ளின் அசந்துபோனார். எனக்கு மட்டும் அதில் இரண்டு குறை. மூன்றடி போதாது, நாலரை அடி வேண்டும். படி வேண்டவே வேண்டாம். தெருவிலிருந்து வாசல் நிலைவரை ஒரே ஏற்றமாக, சக்கரம் வைத்தது எதுவானாலும் தடுக்காமல் போக வேண்டும். சாதியா பிள்ளைக்குத் தள்ளுவண்டி வாங்கியிருக்கிறாள், அதற்காகத்தான்.

வழவழவென்றும் இருக்கக் கூடாது. பிள்ளை வழுக்கி விழுந்துவிடுவான்.

ஹபீபு


குன்னூர்
17 ஜனவரி 2025

அன்புத் தங்கைக்கு ஸலாம். பதில் எழுத இவ்வளவு நாளானதற்கு மன்னிக்கவும். நீயும் பிள்ளைகளும் நலமா? இங்கே உறைபனி விழுந்து, தேயிலைச் செடிகள் கருகிக் கிடக்கின்றன. விடியற்காலையில் புல்வெளி உப்புக் கொட்டியதுபோல் இருக்கிறது. எனக்குக் குறை ஒன்றுமில்லை. சற்று மெதுவாக இயங்குகிறேன், அவ்வளவுதான்.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். தள்ளுவண்டியைப் பற்றி நான் யோசிக்காதது பெரிய பிழை. மலையில் பழகிய கை. உயரத்தைக் கண்டால் யாருக்கு என்று கேட்காமல் படியைப் போட்டுவிடுகிறது. முழுவதும் அழித்துப் புதிதாக வரைந்திருக்கிறேன்.

மேல் மணலைக் குப்பை, வேரோடு அள்ளிவிட்டு, தண்ணீர் விட்டு நன்றாக இடித்து இறுக்க வேண்டும். அதன்மேல் ஜல்லி பரப்பி மறுபடி இடிக்கவும். மணல் இறுகாவிட்டால் மேலே என்ன போட்டாலும் வீண். ஜல்லிக்கு மேல் கெட்டியான பாலிதீன் விரிப்பு. உப்புத் தண்ணீர் ஏறாமல் தடுப்பது அதுதான். உள்ளே கம்பி வேண்டாம். நடைபாதைக்குக் கம்பி தேவையில்லை, உப்பு மண்ணில் அதுவே எதிரி. சாம்பல் கலந்த சிமென்டாக வாங்கவும். கடல் மணல் ஒரு கைப்பிடிகூடக் கூடாது. குடிக்கிற தண்ணீரில்தான் கலக்க வேண்டும், அதுவும் குறைவாக. காங்கிரீட் எப்படியும் சுருங்கி வெடிக்கும். கண்ட இடத்தில் வெடிக்காமல் இருக்க, குறுக்கே சீரான இடைவெளியில் கோடு வெட்டிவிட்டால் அந்தக் கோட்டுக்குள்ளேயே வெடித்து அடங்கிவிடும். பாதை வீட்டை விட்டு விலகிச் சற்றே சரிந்திருக்கட்டும். ஈரமாக இருக்கும்போதே துடைப்பத்தால் குறுக்காக இழுத்தால் வழுக்காது.

ஏற்றம் ஓரடி உயர்வதற்குப் பன்னிரண்டு அடி நீளம் இருக்க வேண்டும். மேலே கதவுக்கு முன் ஒரு சமதளம் விட்டிருக்கிறேன், நின்று மூச்சு வாங்க. வண்டி தள்ளுகிறவருக்காகச் சொல்கிறேன்.

இரு பக்கமும் கைப்பிடிக் குழாய் வைப்பது நல்லது. இரும்பு வேண்டாம், கடற்கரைக்கென்று வரும் துருப்பிடிக்காத எஃகு வாங்கவும். உயரம் முப்பத்து மூன்றரை அங்குலம். அந்த அரை அங்குலத்தை விட்டுவிடாதே.

இதெல்லாம் சரிதானா என்று எனக்கே நிச்சயமில்லை.

அயூப்


குலசேகரன்பட்டினம்
9 பிப்ரவரி 2025

என் அண்ணனுக்கு, ஸலாமும் சந்தோஷமும். முதலில் உங்கள் உடம்பு எப்படி என்று சொல்லுங்கள், பிறகு மற்றதைப் படியுங்கள்.

நேற்றுப் பாதை போட்டாகிவிட்டது! நான் விடியற்காலையிலேயே நாற்காலி போட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டேன். லாரித் தண்ணீரை டிரம் டிரம்மாக இறக்கினார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு டம்ளர் மொண்டு குடித்துப் பார்த்துத்தான் விட்டேன். நல்லவேளை, நோன்பு தொடங்கவில்லை. நடுவில் ஒரு பையன் எங்கள் போர் தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்தான். வாயில் வைத்த உடனே துப்பினேன். "பெரியம்மா நாக்கு மீட்டரு மாதிரில்லா இருக்கு" என்று கூலிக்கு வந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

பிராங்ளினுக்குக் கம்பி இல்லாமல் மனசே ஆறவில்லை. "எம்மா, கம்பி இல்லாம காங்கிரீட்டா? எங்க அப்பா கேட்டா கல்லறையிலருந்து எந்திச்சு வந்துருவாரு" என்றார். அந்தப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் நான் காதுக் கருவியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். கடைசியில் அவரை மதில் தூணுக்கு முன்னால் நிறுத்தி, துருவைச் சுரண்டிக் காட்டினேன். போய் வேலையைப் பார்த்தார்.

கலக்கும்போது, "இன்னும் ரெண்டு வாளி விட்டாத்தாம்மா நல்லா ஓடும்" என்றார். "அது எங்கயும் ஓட வேண்டாம் பிராங்ளின், இங்கயே கெடக்கட்டும்" என்றேன். மலைக்காரி மலைக்காரிதான் என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

துடைப்பம் இழுத்தது நான். கடைசி நாலடி மட்டும். கோடு கொஞ்சம் கோணலாக இருக்கும், பார்த்துக் கோபப்படாதீர்கள்.

ஹபீபு


குன்னூர்
15 பிப்ரவரி 2025

அன்புத் தங்கைக்கு ஸலாம். உன் கடிதத்தை மெஹ்ரினுக்கும் முபீனுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். மூவரும் சிரித்தோம். நீ இத்தனை டம்ளர் தண்ணீர் குடித்ததில் சளி பிடிக்கவில்லையே?

எனக்கு இரண்டு நாளாகச் சரியாகத் தூக்கமில்லை. ஈரச் சாக்குப் போட்டு மூடியிருக்கிறாயா? சாக்கு ஒரு வேளைகூடக் காயக் கூடாது, அதற்கும் நல்ல தண்ணீர்தான் வேண்டும். இரண்டு வாரம் யாரும் நடக்கக் கூடாது. கடல் காற்று ஈரத்தை உறிஞ்சிவிடும். ஓரங்களைக் கவனி. ஏற்றம் அதிகமாகத் தோன்றுகிறதா? நான் போட்ட கணக்கு பிசகியிருந்தால், வண்டி பின்னால் வழுக்குமே என்று பயமாக இருக்கிறது. குழாய் வைத்தாயிற்றா?

வெடிப்பு விழுந்தால் மறைக்காமல் எழுது.

அயூப்


குலசேகரன்பட்டினம்
26 பிப்ரவரி 2025

அன்பு அண்ணனுக்கு ஸலாம். எனக்குச் சளி இல்லை. உங்களுக்குத் தூக்கம் வந்ததா?

சாக்கை எடுத்துவிட்டோம். வெடிப்பு ஒன்று விழுந்தது, மயிரிழை போல. எங்கே தெரியுமா? நீங்கள் வெட்டச் சொன்ன கோட்டுக்குள். "சாரு சொன்ன எடத்துல சொன்ன மாதிரியே வெடிச்சிருக்கும்மா!" என்று பிராங்ளின் என்னவோ பிள்ளை பிறந்ததுபோல் ஓடிவந்து சொன்னார். குழாயும் வைத்தாயிற்று.

அண்ணா, இனிமேல் என்னால் வளைத்து வளைத்து எழுத முடியாது. தள்ளுவண்டி நிஜம்தான், ஆனால் அந்தப் பிள்ளை இப்போதே அதிலிருந்து இறங்கி ஓடுகிறான். இந்தப் பாதை உங்களுக்காகத்தான். உங்கள் முதல் படம் வந்த அன்று ராத்திரி சாப்பிடவில்லை நான். மூன்று படி போட்டிருந்தீர்கள். எல்லோரும் என் வீட்டுக்குள் ஏறி வர அழகாக வரைந்துவிட்டு, நீங்கள் ஒருவர் மட்டும் வரவே போவதில்லை என்று முடிவு செய்துவிட்டீர்களே என்று இருந்தது.

இப்போது படி இல்லை. தூக்கவும் யாரும் வேண்டாம். பெருநாளுக்கு வருவீர்களா? மெஹ்ரினைத் திட்டாதீர்கள்.

ஹபீபுன்னிசா


குன்னூர்
8 மார்ச் 2025

அன்புத் தங்கை ஹபீபுவுக்கு, அண்ணனின் ஸலாம். நோன்பு உனக்குச் சிரமமில்லாமல் போகிறதா? என் உடல்நிலையை இம்முறை முழுதாகவே எழுதுகிறேன். இடது இடுப்பில் ஒரு எஃகுத் துண்டு இருக்கிறது. வாக்கர் பிடித்து நடக்கிறேன். மற்றபடி குறை ஒன்றுமில்லை.

மெஹ்ரினைத் திட்டவில்லை. எனக்கு முன்பே தெரியும். நாலரை அடி என்று நீ எழுதியதைப் படித்ததும், பிள்ளையின் தள்ளுவண்டிக்கு எதற்கு அவ்வளவு என்று தோன்றியது. என் வாக்கரை அளந்து பார்த்தேன். பக்கத்தில் பிடித்துக்கொண்டு ஒருவர் நடந்து வந்தால் நாலரை அடிதான் வருகிறது. அளவு நாடாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பதில் எழுத அவ்வளவு நாளானது அதனால்தான்.

அப்புறம் மெஹ்ரினைக் கூப்பிட்டு, சமையலறைக் கதவில் நிமிர்ந்து நின்றேன். "என்னங்க மாமா, எதுக்குங்க அளக்கறீங்க?" என்றாள். "சும்மா கோடு போடும்மா" என்றேன். என் மணிக்கட்டு நின்ற இடத்தில் பென்சிலால் கோடு போட்டாள். தரையிலிருந்து முப்பத்து மூன்றரை அங்குலம். உனக்கு எழுதிய அந்த உயரம் அதுதான்.

அதே உயரத்தில் நம் வீட்டுப் படிகளுக்கும் குழாய் வைக்கச் சொல்லி வெல்டர் ஷிஜோவை வரவழைத்தேன். ஒரு மாதமாக முபீன் பின்னால் நிற்க, தினமும் சில படிகள் பழகினேன். போன வெள்ளிக்கிழமை சாலைவரை ஏறிவிட்டேன். மேலே காட்டெருமை நின்றுகொண்டிருந்தது. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அது ஒதுங்கி வழிவிட்டது.

பெருநாளுக்கு முந்திய தினம் வந்து சேர்வது போல முபீன் டிக்கெட் எடுத்துவிட்டான். நடுவழியில் எனக்குத் தைரியம் குறையாமல் இருக்க துஆ செய்.

உன் அண்ணன்
அயூப்


குலசேகரன்பட்டினம்
30 மார்ச் 2025

அன்பு மருமகள் மெஹ்ரினுக்கு, மாமியின் ஸலாம். நீயும் உன் வயிற்றுப் பிள்ளையும் சுகம்தானே? இந்த மாசத்தில் பிரயாணம் வேண்டாமென்று டாக்டர் உன்னை நிறுத்திவிட்டதில் எங்களுக்கு வருத்தம். இனி சொல்லப்போவதைக் கேட்டால் உனக்குச் சிரிப்பு வரும்.

அஸர் தொழுகைக்குச் சற்று முன்னால் கார் கேட்டில் வந்து நின்றது. நான் யாரிடமும் சொல்லவில்லை, ஆனாலும் தெருவே நின்றுகொண்டிருந்தது. பிராங்ளின் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்காரர் மாதிரி முன்னால் நின்றார். மாமா இறங்கி, வாக்கரை ஊன்றி, எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். முகம் வெளுத்துப்போனது. திரும்பிக் காருக்குள் ஏறிவிடுவாரோ என்று எனக்குப் பயம். துண்டும் தோளில் தயாராக இருந்தது.

அப்போது அவர் கண் கீழே போனது. பாதையைப் பார்த்தார். ஸலாம்கூடச் சொல்லவில்லை. "ஹபீபு, ஒரு சொம்புத் தண்ணி கொண்டா" என்றார்.

நோன்புக் காலத்தில், தெரு மத்தியில்! "பிரயாணம் வந்தவரு, குடிச்சா பாவமில்ல" என்று பக்கத்து வீட்டம்மா மெதுவாகச் சொன்னாள். சாதியா ஓடிப்போய்க் கொண்டுவந்து நீட்டினாள். மாமா வாங்கினார், வாக்கரை முபீனிடம் விட்டுவிட்டு, வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சமதளம்வரை குழாயைப் பிடித்துக்கொண்டு தானாக ஏறினார். ஏறினதே தெரியாமல் ஏறினார். அங்கே நின்று, சொம்பைக் கவிழ்த்துத் தண்ணீரைப் பாதையில் ஊற்றிவிட்டு, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குனிந்து பார்த்தார். தெருவும் சேர்ந்து குனிந்து பார்த்தது. தண்ணீர் வீட்டைத் தொடாமல் விலகி, ஓரமாகச் சரிந்து, கேட்டுக்குப் போய் பிராங்ளினின் செருப்பை நனைத்தது.

"சரியா இருக்குங்க" என்று பிராங்ளினைப் பார்த்துச் சொன்னார். பிராங்ளின் கைதட்டிவிட்டார். அப்புறம்தான் மாமா நிமிர்ந்து, தான் எங்கே நிற்கிறோம் என்று பார்த்தார். நிலைப்படிக்குப் பக்கத்தில் நின்றார். அவரை யாரும் தூக்கவில்லை. அப்போதுதான் எனக்கு ஸலாம் சொன்னார்.

பிறை தெரிந்துவிட்டது. மிச்சத்தை மாமாவே எழுதுகிறாராம், பேனாவைக் கேட்கிறார்.

மெஹ்ரினுக்கு: முபீன் திட்டப்படி செவ்வாய்க்கிழமை ஊருக்குத் திரும்புவான். நான் அவனுடன் வருவது இயலாது என்று தோன்றுகிறது. காரணங்களை வரிசையாக எழுதுகிறேன். முதலாவது, கோடையில் மலைக்குச் சுற்றுலாக் கூட்டம், வழியெல்லாம் நெரிசல். இரண்டாவது, ஹபீபு இழுத்த துடைப்பக் கோடு கோணலாக இருக்கிறது, அதைத் தினமும் பார்த்துக் குறை சொல்ல ஆள் வேண்டும். மூன்றாவது, எதிர்வீட்டுக்காரர் தன் வாசலுக்கும் படம் கேட்கிறார். கடற்கரை மண் எனக்கு அவ்வளவாகத் தெரியாது என்று சொல்லியிருக்கிறேன், அவர் கேட்பதாக இல்லை. சரிவு பார்க்க என் ரசமட்டத்தைப் பார்சலில் அனுப்பிவை. மூன்றும் சேர்ந்தால் ஒரு காரணத்தின் எடை வரும். உன் பிரசவத்துக்கு முன் கட்டாயம் வந்துவிடுவேன், என் கால்களாலேயே படி இறங்கி.

பெருநாள் வாழ்த்துகள்.

உன் மாமா
அயூப்